வலு 5க்கு 5, ஆனாலும் எழ முடியவில்லை: செயல்திறனை எப்படி அளப்பது, எப்படிக் கூட்டுவது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவரின் அப்பாவுக்கு 72 வயது. நான்கு மாதத்துக்கு முன் நிமோனியா வந்து 9 நாள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். இப்போது எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எல்லாம் சரி. பிசியோதெரபிஸ்ட் காலை அழுத்திப் பார்த்து ‘தசை வலு 5க்கு 5’ என்று எழுதியிருக்கிறார். அதற்குக் கீழேயே ‘30 விநாடியில் நாற்காலியிலிருந்து 9 முறை எழுந்தார், செயல்திறன் குறைவு’ என்றும் எழுதியிருக்கிறார். தினமும் பஸ் ஏறி உழவர் சந்தைக்குப் போய் வந்த மனிதர் இப்போது வாசலைத் தாண்டுவதில்லை. வலு முழுதாக இருக்கும்போது செயல்திறன் எப்படிக் குறையும், தேடினால் விளையாட்டு, பக்கவாதம், விண்வெளி என்று எல்லாத் துறையிலும் இந்தச் சொல் வருகிறதே, இதில் எது அப்பாவுக்குப் பொருந்தும், இதைக் கூட்ட முடியுமா என்பது கேள்வி.

முடியும். 72 வயதில் நன்றாகவே முடியும். ஆனால் அந்த இரண்டு வரிகளும் ஏன் முரண்படவில்லை என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். நான் பதினெட்டு வருடமாகப் பிசியோதெரபி செய்கிறேன். குடும்பங்கள் அதிகம் குழம்புவது இந்த இடத்தில்தான்.

அந்த ‘5க்கு 5’ இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனில் பரவலான ஓர் அளவுகோல். நரம்பு அடிபட்ட வீரர்களின் தசை எந்த அளவுக்குத் திரும்பியிருக்கிறது என்று பார்க்க உருவானது. அசைவே இல்லை என்றால் 0. புவியீர்ப்பை எதிர்த்துத் தூக்கினால் 3. பரிசோதிப்பவர் கையால் முழு அழுத்தம் கொடுத்தும் தாக்குப்பிடித்தால் 5. அதாவது உங்கள் அப்பாவின் தொடைத் தசை ஒருவரின் கை அழுத்தத்துக்கு ஈடு கொடுத்தது, அவ்வளவுதான். நாற்காலியிலிருந்து எழும்போது அந்தத் தொடைகள் தூக்க வேண்டியது ஏறக்குறைய மொத்த உடம்பையும். 65 கிலோ மனிதருக்கு அந்தக் கை அழுத்தம் எங்கே, இது எங்கே! நரம்பு அடிபட்டவருக்கு மிக நல்ல அளவுகோல் இது. வயதானவரின் தொடையில் மூன்றில் ஒரு பங்கு வலு போயிருந்தாலும் பல நேரம் 5 என்றே காட்டும்.

எழுவதற்கு வலு மட்டும் போதாது என்பது அடுத்த விஷயம். பாதத்தைப் பின்னுக்கு இழுக்க வேண்டும், முன்னால் குனிய வேண்டும், சரியான நொடியில் வேகமாக உந்த வேண்டும், நின்றதும் தள்ளாடாமல் நிலைக்க வேண்டும். பத்தாவது முறைக்கு மூச்சு மிச்சம் இருக்க வேண்டும். விழுந்துவிடுவோமோ என்ற பயம் இருக்கக்கூடாது. இவ்வளவும் சேர்ந்து ஒரு வேலையை முடிப்பதுதான் செயல்திறன். இதில் ஒன்று சரிந்தாலும் அந்த எண் சரியும்.

உலக சுகாதார நிறுவனம் 2001இல் வெளியிட்ட செயல்பாடு, இயலாமை பற்றிய வகைப்பாட்டில் ஒரு பிரிவினை இருக்கிறது. சாதகமான சூழலில், சொல்லிச் செய்ய வைத்தால் ஒருவரால் என்ன செய்ய முடிகிறது என்பது ஒன்று. தன் வீட்டில், தன் தெருவில், அன்றாடம் அவர் உண்மையில் என்ன செய்கிறார் என்பது இன்னொன்று. முதலாவதை இயலும் அளவு என்றும் இரண்டாவதை நடைமுறை என்றும் வைத்துக்கொள்வோம். கிளினிக்கில் நாங்கள் எடுக்கும் எண்கள் ஏறக்குறைய எல்லாமே முதல் வகை. உழவர் சந்தை இரண்டாவது வகை. இரண்டுக்கும் நடுவில் உயரமான பஸ் படி, உடைந்த நடைபாதை, ‘நீங்க போக வேணாம்ப்பா’ என்று சொல்லும் வீடு எல்லாம் இருக்கின்றன.

இனி துறைகளுக்கு வருவோம். எல்லாவற்றையும் சொல்லத் தேவையில்லை. உங்கள் அப்பாவுக்குப் பயன்படும் பாடம் எதில் இருக்கிறதோ அதை மட்டும் சொல்கிறேன்.

நுரையீரல், இதய மருத்துவத்தில் 6 நிமிட நடைச் சோதனை இருக்கிறது. இது பிறந்த கதை வேடிக்கையானது. கென்னத் கூப்பர் என்ற மருத்துவர் அமெரிக்க விமானப்படையினரை 12 நிமிடம் ஓடவிட்டுத் தூரத்தை அளந்து 1968இல் வெளியிட்டார். 1976இல் பிரிட்டனில் நாள்பட்ட மூச்சுக்குழல் அழற்சி உள்ளவர்களை அதே 12 நிமிடம் நடக்கவிட்டார்கள். மூச்சு வாங்கும் நோயாளிக்கு அது அதிகம் என்று 1982இல் 6 நிமிடமாகக் குறைத்துப் பார்த்தார்கள், போதுமானதாக இருந்தது. 2002இல் அமெரிக்க நெஞ்சக மருத்துவச் சங்கம் முறைப்படுத்தியது: 30 மீட்டர் தாழ்வாரம், இரண்டு முனையிலும் கூம்பு, ஒவ்வொரு நிமிடமும் சொல்ல வேண்டிய வாசகம் உட்பட.

வாசகத்தைக்கூட ஏன் எழுதி வைத்தார்கள்? 1984இல் கனடாவில் கார்டன் கயாட் குழுவினர், நடப்பவரை ஊக்கப்படுத்தியும் ஊக்கப்படுத்தாமலும் அளந்தார்கள். ‘நல்லா நடக்கறீங்க’ என்று சொன்னால் மட்டுமே சுமார் 30 மீட்டர் கூடியது. இன்று நாள்பட்ட நுரையீரல் நோயில், நோயாளிக்கே தெரியும்படியான முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ளும் தூரமும் ஏறக்குறைய 30 மீட்டர்தான். ஒரு நல்ல சிகிச்சை கொடுக்கும் பலனை ஒரு வாக்கியம் கொடுத்துவிட்டது! இரண்டாவது முறை நடக்கும்போது பாதை பழகிப்போவதாலும் தூரம் கூடும். அதனால்தான் முறையாகச் செய்யும் இடங்களில் இரண்டு முறை நடக்கவிட்டு நல்லதை எடுத்துக்கொள்கிறார்கள். வீட்டில் அளக்கப்போகும் உங்களுக்கு இதுதான் முதல் பாடம். அதே நாற்காலி, அதே செருப்பு அல்லது வெறுங்கால், அதே நேரம், அதே வார்த்தை. ஒருநாள் பேரன் பக்கத்தில் நின்று கைதட்டினால் எண் கூடும். அது கால் தேறியதாக ஆகாது.

முதியோர் மருத்துவம்தான் உங்களுக்கு நேராகப் பொருந்துவது. 1994இல் அமெரிக்க தேசிய முதுமை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஜாக் குரால்னிக் குழுவினர் மூன்று சிறு சோதனைகளை ஒன்றாக்கினார்கள். பாதங்களைப் பல நிலைகளில் வைத்து 10 விநாடி நிற்பது, சில மீட்டர் நடப்பது, கைகளைக் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காருவது. மொத்தம் 12 மதிப்பெண். அடுத்த ஆண்டு அவர்கள் வெளியிட்டதுதான் முக்கியம். இப்போது எந்தச் சிரமமும் இல்லை என்று சொல்லும் 70 வயதுக்கு மேற்பட்டவர்களில் யார் சில ஆண்டுகளில் முடங்குவார்கள் என்பதை இந்த மதிப்பெண் முன்கூட்டியே காட்டியது. மனிதர் ‘எனக்கு ஒண்ணும் இல்லை’ என்கிறார், நாற்காலி வேறு கதை சொல்கிறது.

2011இல் 9 ஆய்வுகளைச் சேர்ந்த 34,485 முதியவர்களின் தரவைத் திரட்டி, நடை வேகத்துக்கும் ஆயுளுக்கும் உள்ள தொடர்பைப் பார்த்தார்கள். நொடிக்கு 0.8 மீட்டர் அளவில் நடப்பவர்களின் ஆயுள் அந்த வயதின் நடுவாந்தரமாக இருந்தது. அதற்கு மேலே போகப் போக நல்லது. இதைப் படித்துப் பயப்படாதீர்கள். நடையை வேகமாக்கினால் ஆயுள் நீளும் என்று அது சொல்லவில்லை. இதயம், நுரையீரல், நரம்பு, மூட்டு, மூளை எல்லாம் சேர்ந்து உழைத்தால்தான் நடை வரும், அதனால் நடை எல்லாவற்றுக்கும் ஒரு சாட்சி, அவ்வளவே. ஆசிய நாடுகளின் நிபுணர் குழு 2019இல் தசை நலிவுக்கு வகுத்த எல்லைகளில் நொடிக்கு 1 மீட்டருக்குக் குறைந்த நடையும், ஐந்து முறை எழ 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆவதும் ‘குறைவு’ என்று சேர்க்கப்படும். ஐரோப்பிய எண்களைவிட நமக்கு இவைதான் நெருக்கம்.

பக்கவாத, நரம்பியல் ஆய்வுகளிலிருந்து ஒன்று மட்டும். 1997இல் ஸ்வீடனில் முதியவர்களுடன் நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்கள். 58 பேரில் 12 பேர் பதில் சொல்ல நடையை நிறுத்தினார்கள். அந்த 12 பேரில் 10 பேர் ஆறு மாதத்துக்குள் விழுந்தார்கள். நடப்பதற்கே முழுக் கவனமும் செலவாகிறவருக்கு, பேச்சுக்கு மிச்சம் இல்லை. அப்பாவோடு நடக்கும்போது சும்மா ஏதாவது கேட்டுப் பாருங்கள். அவர் நின்று பதில் சொன்னால் அதைப் பிசியோவிடம் சொல்லுங்கள். நடந்துகொண்டே பதில் சொன்னால் விழவே மாட்டார் என்று அர்த்தமில்லை, ஏனென்றால் அந்த ஆய்வில் நிற்காமல் பேசியவர்களிலும் சிலர் விழுந்தார்கள்.

விளையாட்டுக் காயங்களில் முட்டித் தசைநார் அறுந்து அறுவை சிகிச்சை ஆனவரை ஒற்றைக் காலில் தாவவிடுவார்கள். அடிபட்ட கால், நல்ல கால் தாவும் தூரத்தில் 90 சதவீதமாவது தாவினால் திரும்ப ஆடலாம் என்பது பொதுவான அளவு. இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. பல மாதம் ஓய்வில் இருந்ததால் நல்ல காலும் இளைத்திருக்கும். இளைத்த காலோடு ஒப்பிட்டு ‘சமம்’ என்றால் பயனில்லை. உங்கள் வீட்டிலும் இதே பள்ளம் உண்டு. ‘போன மாதத்தைவிடப் பரவாயில்லை’ என்று ஒப்பிடாதீர்கள். நிமோனியாவுக்கு முன் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதோடு ஒப்பிடுங்கள்.

விண்வெளியைக் கேட்டீர்கள், அது சம்பந்தமில்லாதது என்று நினைக்க வேண்டாம். நிலையத்தில் ஆறு மாதம் இருந்து திரும்பும் வீரர்களை நாசா இருக்கையிலிருந்து எழுந்து நடக்கவும், ஏணி ஏறவும், கீழே படுத்து எழுந்து நிற்கவும் வைத்து அளந்தது. அங்கே கனமான எதிர்ப்புப் பயிற்சிக் கருவி இருப்பதால் தசை வலு பெரும்பாலும் காப்பாற்றப்பட்டிருந்தது. மோசமாகச் சரிந்தவை சமநிலை கேட்கும் வேலைகள். பூமியிலேயே 70 நாள் படுக்கையில் கிடந்தவர்களிடமும் அதே போக்குத் தெரிந்தது. இன்னொரு ஆய்வில், ஆரோக்கியமான முதியவர்களை வெறும் 10 நாள் படுக்க வைத்தபோது கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய 1 கிலோ தசை கரைந்திருந்தது. அதுவும் நோய், காய்ச்சல், பசியின்மை எதுவும் இல்லாமல். உங்கள் அப்பா நோயோடு 9 நாள் படுத்திருந்தார். அவருக்கு வந்தது ‘வயசாயிடுச்சு’ இல்லை. படுக்கை கொடுத்த இழப்பு. இந்த வித்தியாசத்தை வீட்டில் எல்லோரும் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் வயதைத் திருப்ப முடியாது, படுக்கை எடுத்துக்கொண்டதைத் திரும்பப் பெறலாம்.

எவ்வளவு பெறலாம்? பாஸ்டனில் மரியா ஃபியாட்டரோனும் குழுவினரும் 1990இல் 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு 8 வாரம் கனமான எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் தொடை வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. 1994இல் முதியோர் இல்லத்தில் சராசரி 87 வயதுள்ள 100 பேரிடம் 10 வாரம் செய்து பார்த்தார்கள். வலு 113 சதவீதம் கூடியது, நடை வேகம் சுமார் 12 சதவீதம் கூடியது. சத்துபானம் மட்டும் கொடுத்து உடற்பயிற்சி கொடுக்காதவர்களுக்குப் பலன் தெரியவில்லை. டப்பா டப்பாவாகச் சத்து மாவும் புரோட்டீன் பவுடரும் வாங்கிக் கொடுத்துவிட்டு நாற்காலியிலேயே உட்கார வைத்திருக்கும் வீடுகளுக்காக இதைச் சொல்கிறேன்.

அந்த இரண்டு எண்களை மறுபடி பாருங்கள். வலு இரட்டிப்புக்கு மேல், நடை 12 சதவீதம். வலு கூடினால் அதே அளவுக்குச் செயல் கூடிவிடாது. ரொம்பப் பலவீனமாக இருப்பவருக்குக் கொஞ்சம் வலு ஏறினாலே நடை சட்டென்று மாறும், ஓரளவு வலு இருப்பவருக்கு மேற்கொண்டு ஏற்றுவது நடையில் அவ்வளவாகத் தெரியாது. அப்படியானால் மிச்சத்தை எங்கிருந்து எடுப்பது? நெதர்லாந்தில் 70 வயதைக் கடந்த 98 பெண்களை வைத்து 2005இல் வெளியான ஆய்வு இதற்குப் பதில் சொன்னது. ஒரு குழுவுக்கு எடைப் பயிற்சி. இன்னொரு குழுவுக்கு அன்றாட வேலைகளையே பயிற்சியாக்கினார்கள்: எழுவது, சுமப்பது, குனிந்து எடுப்பது, படியேறுவது. 12 வாரத்தில் எடைக் குழுவுக்கு வலு கூடியது. அன்றாட வேலைகளைச் செய்யும் திறன் வேலைக் குழுவுக்குத்தான் அதிகம் கூடியது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், முட்டி எலும்பு முறிந்து தேறிவந்த ஒரு பாட்டிக்குக் கணுக்காலில் மணல் பை கட்டிக் காலை நீட்டச் சொல்லிக்கொண்டிருந்தேன். 1 கிலோவில் ஆரம்பித்து ஆறு வாரத்தில் 3 கிலோ தூக்கினார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஒருநாள், “தம்பி, இதைத் தூக்கறதெல்லாம் சரி, நான் எப்ப தரையில உக்காந்து பூ கட்டுவேன்?” என்று கேட்டார். பூ கட்டி விற்றுத்தான் அவர் பிழைப்பு. தரையில் உட்காருவதை நான் ஒருமுறைகூடப் பயிற்சியில் சேர்த்திருக்கவில்லை. அன்றிலிருந்து முதல் நாளே ‘எந்த வேலை திரும்ப வேணும்’ என்று கேட்டுக் கோப்பின் மேலேயே எழுதிவிடுகிறேன். உங்கள் அப்பாவின் கோப்பில் உழவர் சந்தை இருக்க வேண்டும்.

இனி செய்ய வேண்டியது. கைப்பிடி இல்லாத, 43 முதல் 45 செ.மீ. உயர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் கட்டச் சொல்லி, 30 விநாடியில் முழுதாக எத்தனை முறை எழுகிறார் என்று எண்ணுங்கள். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி கொடுத்திருக்கும் அளவில் 70 முதல் 74 வயது ஆணுக்கு 12க்குக் கீழே போனால் குறைவு. அப்புறம் அதே நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி என்று பாருங்கள். 12 அல்லது அதற்கு மேல் என்றால் விழும் ஆபத்து உண்டு. மூன்றாவதாக, 4 மீட்டரைக் கோடு போட்டு, கோட்டுக்கு ஓரிரு அடி முன்பிருந்தே வழக்கமான வேகத்தில் நடந்து கடக்கச் சொல்லுங்கள். 4 விநாடிக்குள் கடந்தால் நொடிக்கு 1 மீட்டருக்கு மேல். ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். கடந்த ஒரு மாதத்தில் மாரடைப்பு வந்திருந்தால், நெஞ்சுவலி இருந்தால் இதெல்லாம் வீட்டில் வேண்டாம். முடிவுகளைத் தினசரி காலண்டரிலேயே எழுதிவிட்டு, மாதம் ஒருமுறை மட்டும் திரும்ப அளந்தால் போதும். தினமும் அளந்தால் 9க்கும் 10க்கும் நடுவே ஆடுவதைப் பார்த்து வீணாகச் சோர்ந்துபோவீர்கள்.

இந்த மூன்றிலும் இல்லாத இரண்டை நான் நம் ஊருக்காகச் சேர்ப்பேன். ஒன்று, தரையில் உட்கார்ந்து எழுவது. எதைப் பிடிக்கிறார், எத்தனை கை ஊன்றுகிறார் என்று குறியுங்கள். இன்னொன்று படி. பஸ்ஸின் முதல் படி வீட்டுப் படியைவிட உயரம் என்பதை மறக்காதீர்கள்.

பயிற்சியும் இவற்றையே சுற்றித்தான். உலக சுகாதார நிறுவனம் 2020இல் 65 வயது தாண்டியவர்களுக்கு வாரம் மூன்று நாளாவது சமநிலையும் வலுவும் கலந்த பயிற்சி வேண்டும் என்றது. நாள் விட்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயர்த்தி, 8 முறை எழுந்து உட்காரட்டும். ஓய்வு விட்டு மூன்று சுற்று. எழும்போது வேகமாக, உட்காரும்போது மூன்று எண்ணிக்கொண்டு மெதுவாக. கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்க வேண்டும், ஆனால் வலிக்கக்கூடாது. எளிதாகிவிட்டால் தலையணையை எடுங்கள். அதுவும் எளிதானால் மார்போடு 2 கிலோ அரிசிப் பையை அணைத்துக்கொள்ளட்டும். சமையல் மேடையைப் பிடித்துக் குதிகால் தூக்குவது, ஒரு பாதத்துக்கு முன் இன்னொன்றை வைத்து நிற்பது, வீட்டுப் படியில் ஏறி இறங்குவது, ஒரு மாதம் கழித்துக் கட்டிலோரம் பிடித்துத் தரையில் உட்கார்ந்து எழுவது. வெறும் நடைப்பயிற்சி நல்லதுதான், மூச்சுக்கு மிகவும் நல்லது. ஆனால் எழுந்திருக்க முடியாதவருக்கு நடை மட்டும் போதாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ‘தினமும் நடக்கச் சொல்லியிருக்கோம்’ என்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள்.

சாப்பாட்டில் புரதம் வேண்டும். முதியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் என்பது நிபுணர் குழுக்களின் பரிந்துரை. 65 கிலோ என்றால் நாளைக்கு 65 முதல் 78 கிராம். இரண்டு இட்லி, ரசம் சாதம், கஞ்சி என்று போனால் அதில் பாதிகூட வராது. முட்டை, மீன், சுண்டல், கெட்டிப் பருப்பு, தயிர் என்று மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் கூட்ட வேண்டாம்.

எட்டு முதல் பன்னிரண்டு வாரத்தில் அந்த 9 என்பது 12ஐத் தொடுவதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன். தொடாமலும் போகலாம், மூட்டுத் தேய்மானமோ நரம்புக் கோளாறோ உள்ளே இருந்தால் வேகம் குறையும். ஒரு பக்கம் மட்டும் வலு குறைந்தால், நாலைந்து நாளில் திடீரென்று சரிந்தால், சிறிது நடந்தாலே மூச்சு வாங்கினால், எழுந்ததும் தலை சுற்றினால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

இடையில், எண் எதுவாக இருந்தாலும் ஐந்தாவது வாரத்தில் அவரைச் சந்தைக்குக் கூட்டிப் போங்கள். முதல் தடவை ஆட்டோவில் போய், உள்ளே மட்டும் நடக்கட்டும். அடுத்த தடவை போகும்போது ஆட்டோ, திரும்பும்போது கூட்டமில்லாத பஸ், நீங்கள் பின்னால் ஏறுங்கள். பையை அவரே தூக்கட்டும், முதலில் கீரைக்கட்டு, அப்புறம் ஒரு கிலோ தக்காளி. எங்கே நின்றார், எதைப் பிடித்தார், எத்தனை முறை உட்கார இடம் தேடினார் என்று அன்று ராத்திரியே எழுதி வைத்து, அடுத்த முறை பிசியோவிடம் அந்தத் தாளைக் கொடுங்கள். கிளினிக்கில் நாங்கள் எடுக்கும் எந்த எண்ணையும்விட அடுத்த மாதப் பயிற்சியை முடிவு செய்ய அதுதான் உதவும்.